ஒரே மாவில் பசையும் கேக்கும்

(தோட்டத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான கைப்பணி வகுப்பின் முதல் நாளன்று, மூதூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியும். ஆறு நாள் அழுக்குத் துணி ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம், கோயில், கடை, சீட்டுக்காசு என்று அந்த நாள் ஓடிவிடும். அதில் அரை நாளை எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வகுப்பில் இரண்டு வேலை பழகப் போகிறோம். ஒன்று, கையாலேயே வாழ்த்து மடல் செய்வது. மற்றது, போறணை இல்லாமல் வீட்டு அடுப்பிலேயே கேக் சுடுவது. "ரெண்டுக்கும் என்னா டீச்சர் சம்பந்தம்?" என்று வரும்போதே ஒரு தங்கச்சி கேட்டார். சம்பந்தம் கோதுமை மாதான். மடலுக்குப் பசை காய்ச்சுவதும் அதில்தான், கேக் சுடுவதும் அதில்தான். அந்த மாவுக்கும் எங்கள் ஊருக்கும்கூட ஒரு சம்பந்தம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

மூதூர் கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் திருகோணமலைத் துறைமுகம். அங்கே சீனன்குடாவில், கப்பலில் வந்து இறங்கும் கோதுமையை அரைக்கிற பிரிமா மாவாலை 1980 முதல் ஓடுகிறது. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. ஒரு மணி பாக்கியில்லாமல் கடல் கடந்துதான் வருகிறது. நீங்கள் விடியற்காலையில் ரொட்டி தட்டி, சம்பலோடு துணியில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறீர்களே, அந்த ரொட்டி மாவில் எத்தனையோ மூட்டை எங்கள் குடாக்கரையில் அரைபட்டுத்தான் மலை ஏறி வந்திருக்கிறது. நீங்கள் கிள்ளுகிற கொழுந்து கீழே இறங்கிக் கப்பலேறுகிறது, கப்பலில் வந்த மா மேலே ஏறி உங்கள் சட்டிக்கு வருகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைநாட்டைக் கண்ணால் கண்டதில்லை. இந்த மாவாலையைக் காட்டி, "தோட்டத்துச் சனங்களுக்குப் போற மா" என்று எங்கள் அம்மா சொன்னதுதான் நான் முதலில் கேட்ட தோட்டத்துக் கதை.

எங்கள் ஊரிலிருந்து மலைக்கு வந்த இன்னொருவர் கதையும் இருக்கிறது. 1659ஆம் ஆண்டுக் கடைசியில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் ஒன்று புயலில் பாய்மரம் ஒடிந்து கொட்டியாரத்தில் ஒதுங்கியது. அடுத்த ஆண்டு கண்டி அரசனின் ஆட்கள் அந்தக் கப்பல்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் ரொபட் நொக்ஸ். பத்தொன்பது வயசுப் பொடியன். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லும் புளியமரத்தடியில் அதற்காக 1893இல் ஒரு கல் நாட்டினார்கள். நொக்ஸ் பத்தொன்பது வருசம் கண்டி நாட்டில் கைதியாகக் கிடந்தான். 1679இல் தப்பிப்போய், 1681இல் லண்டனில் நம் நாட்டைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டான். அவன் கைதியாக இருந்த காலத்தில் என்ன செய்தான் தெரியுமா? நூலால் தொப்பி பின்னினான். பின்னி விற்றுத்தான் வயிறு கழுவினான். ஒரு தடவை, அந்தக் காட்டு நாட்டில் தன் பாஷையில் எழுதின பைபிள் ஒன்றைக் கண்டுவிட்டான். கையிலிருந்த ஒரே காசைக் கொடுத்தாவது வாங்கிவிடத் துடித்தான். கடைசியில் அது ஒரு பின்னல் தொப்பிக்குக் கிடைத்தது. கைவேலை தெரிந்திருந்தால் சிறையிலும் ஒரு மனுஷன் மனுஷனாக இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லுகிற கதை இது. நொக்ஸ் எங்கள் ஊர்க்காரனில்லை, பிடிபட்ட இடம் மட்டும்தான் எங்கள் ஊர். இருந்தாலும் நாங்கள் அவனைக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடுவோம்.

சரி, மடலுக்கு வருகிறேன்.

அச்சடித்த வாழ்த்து மடல் வந்த கதை வேடிக்கையானது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற பெரிய உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். நத்தாருக்கு அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. ஓவியர் ஹோர்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அச்சடித்தார். பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். எழுதத் தெரிந்தவருக்கு எழுத நேரமில்லை, அதனால் பிறந்தது அந்த மடல்.

ஆனால் நான் சொல்ல வந்தது எழுதவே தெரியாதவர்களின் மடலைப் பற்றி.

எனக்கு முதல் நியமனம் இந்த மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிடைத்தது. 1991ஆம் ஆண்டு. கிழக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மூதூரிலிருந்து வெளியே வருவதென்றால் குடாவை லோஞ்சில் கடந்து திருகோணமலைக்கு வரவேண்டும். லோஞ்ச் ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. ஒரு கடிதம் போய்ச்சேர மூன்று கிழமையும் எடுக்கும், போகாமலும் இருக்கும். எங்கள் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது சொல்லித்தான் எழுதுவிப்பார். பிறத்தியாரிடம் சொல்லி எழுதுகிற கடிதத்தில் என்ன இருக்கும்? "நாங்கள் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்." அவ்வளவுதான். மனசில் இருப்பதைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் சொல்லி எழுத முடியுமா?

அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு கவர் வந்தது. பிரித்தால் எழுத்தே இல்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா தன் இடது கையை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்திருந்தார். உள்ளே மஞ்சள் கரைத்துப் பூசியிருந்தார். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது, அது அவருக்கு நெல்லுக் குத்தும்போது பட்ட அடி. தாளின் ஓரத்தில் நாலு வேப்பம்பூ ஒட்டியிருந்தது. நான் லயத்துக் காம்பராவில் ஒரு அக்காவோடு தங்கியிருந்தேன். அந்தத் தாளைத் தரையில் விரித்து என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க அம்மா கை சின்னது டீச்சர்" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மடல் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். "எழுத்து அழகாக இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும்" என்று பிள்ளைகளுக்கு அடிக்காத குறை.

யுனிசெப் நிறுவனத்தின் வாழ்த்து மடலைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் மடல் 1949இல் வந்தது. அதை வரைந்தவள் செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக் கிராமத்துச் சிறுமி யிட்கா சாம்கோவா, அப்போது ஏழு வயசு. உலக யுத்தம் முடிந்த நேரம். சாப்பாடும் மருந்தும் கொடுத்து உதவியதற்கு நன்றியாகப் படம் வரைந்து அனுப்பினாள். தாள் இல்லாததால் ஒரு கண்ணாடித் துண்டில் வரைந்தாளாம். ஒரு கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகிற படம். அந்தப் பாஷை எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆனால் படம் விளங்குகிறதே!

இங்கே இருக்கிற பெரியம்மாமாரில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைக்கிறவர்கள் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். உங்கள் மகள் கொழும்பில் வீட்டு வேலைக்கோ கார்மென்ட்ஸுக்கோ போயிருப்பாள், மகன் கடையில் நிற்பான், சிலருக்கு மருமகள் வெளிநாட்டில் இருப்பாள். "போன்ல பேசுறோமே டீச்சர்" என்பீர்கள். உண்மைதான், இந்தக் காலத்தில் போனில் முகத்தையும் பார்க்கலாம். பேசி முடிந்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது? ரீலோட் காசு முடிந்ததுதான் மிச்சம். தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்க ஒரு பொருள் வேண்டாமா?

இனி செய்முறை. தோட்டத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கிற பொருள்களைத்தான் சொல்கிறேன்.

தேயிலைச் சாயம்: குடித்து முடித்த சக்கையைத் திரும்பக் கொதிக்க வைத்து, வடித்த சாயத்தைத் துணியால் தொட்டு வெள்ளைத் தாளில் பூசுங்கள். காய்ந்ததும் பழைய ஓலைச்சுவடி மாதிரி ஒரு நிறம் வரும். இரண்டு மூன்று தடவை பூசினால் கடும் நிறம். துருப்பிடித்த ஆணி நாலைந்தை வினாகிரியில் ஐந்தாறு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சில துளியைக் கடும் சாயத்தில் விட்டுப் பாருங்கள், மை மாதிரி கறுத்துப்போகும். தேயிலையில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, அவ்வளவுதான் ரகசியம். பழைய காலத்து எழுத்து மையும் இந்த வகைதான். ஒரே தேயிலையில் மண் நிறமும் கறுப்பும் கிடைத்துவிட்டன. மஞ்சள் வீட்டில் இருக்கிறது, பீட்ரூட் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. பீட்ரூட் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்து ஒட்டுவது: ரெண்டு இலையும் ஒரு மொட்டும் ஒட்டின மடல் என்றால் எந்த ஊரிலும் விரும்புவார்கள். ஆனால் சும்மா ஒட்டினால் சிவந்து கறுத்துவிடும். ஏன் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெக்டரியில் ரோலரில் போட்டு உருட்டின கொழுந்து ஏன் சிவக்கிறது? கசங்கின இடத்தில் காற்றுப் பட்டுச் சிவக்கிறது. பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலிலேயே சூடு காட்டிவிடுகிறார்கள். நாமும் அதே வேலைதான் செய்யப்போகிறோம். கொழுந்தைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, பத்திரிகைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்குழவியோ செங்கல்லோ பாரம் வையுங்கள். பச்சை நிறம் ஓரளவு நிற்கும். இந்தக் குளிரில், மழையில் தாள் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தாளை மாற்றி, அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். ஒரு கிழமையில் காய்ந்துவிடும். ஓடைக்கரையில் இருக்கிற பன்னைச் செடியின் இலை இதைவிடச் சுலபம், முக்கவே தேவையில்லை.

பசை: ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டுச் சின்ன நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால், வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும். அப்போது இறக்க வேண்டும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் விரல் சூப்புகிற வீட்டில், அதுவும் கேக் சுடுகிற அடுப்படியில், அந்தப் பேச்சே வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

படம் வரையத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைகள் இவை. எட்டுப் புள்ளிக் கோலத்தை ஒரு சாண் தாளில் போட்டால் அது மடல். அம்மாமாருக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, நான்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது கேக்.

'கேக்' என்றாலே பேக்கரி சாமான், டவுன் சாமான், துரைமார் சாமான் என்று ஓர் எண்ணம் நமக்கு. நம் பேச்சிலேயே அந்தச் சரித்திரம் இருக்கிறது. பாண், விசுக்கோத்து, போறணை, இந்த மூன்று சொல்லும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. மேசையும் அலுமாரியும் அப்படித்தான். அவர்கள் 1624 அளவில் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள், பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர். திருகோணமலையில் பாலையூற்றிலும், மட்டக்களப்பிலும் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ரவையும் மரமுந்திரிப் பருப்பும் பூசணிப் பாகும் பன்னீரும் சேர்த்துச் செய்கிற 'லவ் கேக்' அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஐரோப்பாவில் அப்படி ஏலமும் சாதிக்காயும் மணக்க மணக்கச் செய்ததில்லை. இங்கே வந்து, இங்கத்தைய கைகளில்தான் அது இன்றைய ருசிக்கு வந்தது.

மலையிலும் அதே கதைதான். பெரிய துரை பங்களாவின் குசினியில் டோவர் ஸ்டோவ் என்று ஓர் இரும்பு அடுப்பு இருக்கும், விறகு போட்டால் உள்ளே போறணை சூடாகும். அதில் நத்தாருக்குக் கேக் சுட்டது யார்? துரைசாணி சொல்லியிருப்பார். மா சலித்ததும், முட்டை அடித்ததும், நெருப்புப் பார்த்ததும் பங்களா அப்பு, குசினி வேலைக்காரர். உங்களில் எத்தனை பேருடைய தாத்தா, பாட்டன் பங்களாவில் வேலை செய்தவர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். ...பாருங்க, ஏழெட்டுக் கை. அவர்கள் அங்கே கேக் சுட்டுவிட்டு லயத்துக்கு வந்து அதே கோதுமை மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். கேக் சுடத் தெரிந்த சாதி நாம். அடுப்புத்தான் நம்மிடம் இருக்கவில்லை.

அடுப்பில்லாமல் சுடுகிற வித்தையை எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா. நோன்புப் பெருநாளுக்கு ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பமும் கேக்கும் எங்களுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து புக்கை போகும். ராத்தாவிடம் இருந்தது ஒரு பெரிய அலுமினியச் சட்டி, அடியில் ஒரு அங்குலத்துக்கு மணல். "புள்ள, நெருப்ப மேல வை. கீழ கொஞ்சமாப் போடு. கீழ நெருப்பு கூடினா அடி கருகும், உள்ள மா பச்சயா நிக்கும்" என்பார். மூடியின் மேல் தணலைப் பரப்பிவிடுவார். மேலும் சூடு, கீழும் சூடு, நடுவில் கேக். போறணை என்பதும் இதுதானே!

அளவு சொல்கிறேன், எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக் கோப்பையால் கோதுமை மா ஒன்று, சீனி முக்கால், மாஜரின் 100 கிராம், முட்டை இரண்டு, பால் மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. மாஜரினையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடிக்க வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, கடைசியில் மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்துப் போட்டு, பாலும் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். மா போட்ட பிறகு போட்டு அடித்தால் கேக் ரொட்டியாகிவிடும். சட்டியைக் கால் மணித்தியாலம் சூடாக்கி, மணலின் மேல் ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மாஜரின் பூசின சின்னச் சட்டியில் கலவையை வைத்து மூடுங்கள். முக்கால் மணித்தியாலம். நடுவில் திறக்கக் கூடாது. பிறகு சுத்தமான ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுங்கள், மா ஒட்டாமல் வந்தால் சரி.

இப்போது என் மானம் போன கதை. 1992இல் பள்ளிக்கூட விழாவுக்கு நானே கேக் சுடுகிறேன் என்று பெரிய வாய் பேசிவிட்டேன். மூதூரில் பத்து வருசம் சுட்ட கை. அதே அளவு, அதே சட்டி. சும்மா பொங்கிக்கொண்டு மேலே வந்தது. ஐந்து நிமிசம் கழித்துப் பார்த்தால் நடுவில் குழி! இறக்கி வைத்தபோது குளம் வெட்டின மாதிரி இருந்தது. மாஜரின் பழசு, பவுடர் பழசு என்று கடைக்காரரில் பழியைப் போட்டேன். திரும்பவும் சுட்டேன், திரும்பவும் குளம்.

தவறு கடைக்காரரில் இல்லை, உயரத்தில். மூதூர் கடல் மட்டம். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். இங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் தண்ணீரும் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரம் எடுக்கிறது. பேக்கிங் பவுடர் என்பது அப்பச் சோடாவும் ஒரு புளிப்பு உப்பும் கலந்தது. ஈரமும் சூடும் பட்டால் அதிலிருந்து வாயு கிளம்பி மாவைத் தூக்கும். மேலிருந்து அமுக்கம் குறைந்த இடத்தில் அந்த வாயு கூடுதலாக விரியும். மா வெந்து இறுகுவதற்கு முன்னரே வாயு பொங்கி வெடித்துப் போய்விடும், பிறகு தாங்க ஒன்றுமில்லாமல் கேக் விழும். மருந்து சுலபம். மேல்மலையில் இருப்பவர்கள் ஒரு தேக்கரண்டி பவுடருக்கு முக்கால் போடுங்கள், சீனியை ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள், பாலை ஒரு கரண்டி கூட்டுங்கள், நெருப்பையும் கொஞ்சம் கூட்டுங்கள். புத்தகத்தில் இருக்கிற அளவெல்லாம் அநேகமாகத் தரைநாட்டுக்காரர் எழுதினவை. உங்கள் மலைக்கு உங்கள் அளவை நீங்களே சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தணல் வேலையை மூடின காம்பராவுக்குள் செய்யக் கூடாது. கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடிந்தால் வாசலில் செய்யுங்கள். தணலிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். குளிருக்காகத் தணல் சட்டியை உள்ளே வைத்துப் படுக்கிற பழக்கமும் வேண்டாம். வேலை முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயம் முழுக்கப் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

"இதை வித்தா என்னா வருமானம் வரும் டீச்சர்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான், பதிலையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மடலை நம்பி அடுப்பு எரியாது. போனில் படம் அனுப்புகிற பழக்கம் வந்த பிறகு கடைகளிலேயே மடல் வியாபாரம் படுத்துவிட்டது. கேகாலைப் பக்கம் யானை லத்தியில் தாள் செய்து, அதில் மடல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், அது பெரிய முயற்சி, அதற்கு ஆளும் முதலும் வேண்டும். சுற்றுலாக்காரர் வருகிற கடையில் கொழுந்து மடல் பத்து வைத்தால் நாலு விற்கலாம். கேக்குக்குக் கொஞ்சம் கூட வாய்ப்பு உண்டு. லயத்தில் எந்த வீட்டில் பிறந்தநாள் என்றாலும் டவுனுக்கு ஓடித்தான் கேக் வாங்குகிறார்கள், வருகிற வழியில் பஸ்ஸில் ஐசிங் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 2022இல் மாவும் காஸும் என்ன விலை விற்றது, மறு வருசம் முட்டையை இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினார்களே, அதையும் மறக்கக் கூடாது. முட்டை விலை ஏறினால் கேக் லாபம் போய்விடும்.

அதனால் இந்த வகுப்பை வருமான வகுப்பு என்று நினைத்து யாரும் கடன் எடுத்துச் சாமான் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் பிரட்டுக்குப் போய், மலைக்குப் போய், கிலோக் கணக்குக்குக் கொழுந்து நிறுத்துக்கொடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் புருஷனுக்கு, பிள்ளைக்கு, மாமியாருக்கு. ஒரு நாளில் நிறுக்காத வேலை, யாரும் கணக்குக் கேட்காத வேலை ஒன்றாவது ஒரு பொம்பளைக்கு வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டுக்காரர் சிலர் "வேலையத்த வேலை" என்பார்கள். சொல்லட்டும். கேக் வெந்ததும் முதல் துண்டு கேட்டு வருவது அவர்களாகத்தான் இருக்கும்.

அம்மாவின் அந்தக் கை மடல் இப்போது எங்கே என்று யாராவது கேட்பீர்கள். ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அதைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் சண்டை வெடித்து ஊரே வெளிக்கிட்டது. ராத்தா குடும்பம் கந்தளாய்ப் பக்கம், நாங்கள் இன்னொரு பக்கம். அடையாள அட்டை, பென்சன் கொப்பி, அம்மாவின் மருந்து எடுத்தேன். மடலை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரியே இல்லை. அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருசம் இருந்தார். "இன்னொண்டு போட்டுத் தாறன், தாளைக் கொண்டா" என்று ஒரு நாள் சொன்னார். கை நடுங்கியது, பென்சிலை நான்தான் பிடித்துச் சுற்றினேன். அது என்னிடம் இருக்கிறது, இந்தப் பையிலேயே இருக்கிறது, கடைசியில் காட்டுகிறேன். வேப்பம்பூ அந்த நேரம் கிடைக்கவில்லை.

ராத்தா இருக்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் கேக் வருகிறது. இப்போது காஸ் அடுப்பில்தான் சுடுகிறார், ஆனால் மணல் சட்டிக் கேக்கின் ருசி வராது என்று அவரே சொல்கிறார்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பழைய கலண்டர் தாள், ஒரு பென்சில், ஒரு கத்தரிக்கோல், ஒரு கைப்பிடி கோதுமை மா கொண்டு வாருங்கள். மாஜரினும் முட்டையும் வகுப்புச் செலவில். மணலை நான் மூதூரிலிருந்தே ஒரு பையில் கொண்டுவந்திருக்கிறேன். கடல் மணல், உப்பு இருக்கும், நாலு தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். அதற்கு ரெண்டு பேர் பின்னேரம் பீலிக்கரைக்கு வந்தால் நல்லது. யார் வாறீங்க?